இரண்டு டச்சுக்காரர்கள், ஒரு ரப்பர் குழாய்

பெட்ரோல் டேங்க் மூச்சு விடும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள். விடும். விடாவிட்டால் வண்டி ஓடாது.

சந்தேகமிருந்தால் சமையலறைக்குப் போய் எண்ணெய் டின்னை எடுத்துப் பாருங்கள். புது டின்னில் ஆணியை வைத்துத் தட்டி ஓர் ஓட்டை போடுகிறோம். கவிழ்த்தால் என்ன ஆகிறது? குபுக்கென்று கொஞ்சம் வரும். அப்புறம் நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை போட்ட பிறகுதான் எண்ணெய் ஒரே சீராக ஒழுகும். எண்ணெய் வெளியே வரவேண்டுமானால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். நம் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த பௌதிகம்தான்.

பெட்ரோல் டேங்கிலும் இதே கதை. எஞ்சின் குடிக்கக் குடிக்க, குறைந்த இடத்தை நிரப்பக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பாதி வழியில் வண்டி திணறி நின்றுவிடும். சில சமயம் டேங்கே உள்பக்கமாக ஒடுங்கிப் போவதும் உண்டு.

இதற்கு நேர் எதிரான சங்கடம் ஒன்றும் இருக்கிறது. வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு உப்பும். அதிகாலையில் 60 லிட்டர் டேங்கை வழிய வழிய நிரப்பிவிட்டு, மத்தியானம் வரை வெட்டவெளியில் நிறுத்தி வையுங்கள். உள்ளே இருக்கும் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் 1.2 லிட்டர் அதிகமாகியிருக்கும். அது எங்கே போகும்? பெட்ரோல் உப்புவது போதாதென்று ஆவி வேறு கிளம்பும். அதற்கும் ஒரு வழி விடவேண்டும்.

ஆக, எண்ணெய் டின்னைப் போலவே பெட்ரோல் டேங்குக்கும் இரண்டாவது ஓட்டை ஒன்று வேண்டும். மெக்கானிக்குகள் அதை ப்ரீதர் என்கிறார்கள். தமிழில் சுவாசக் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். விரல் மொத்தம்கூட இல்லாத ரப்பர் குழாய். விலை சொற்பம். ஆனால் அதற்குள் ஒரு நகரத்தின் கண்ணீர் இருக்கிறது. மிகைப்படுத்தவில்லை. நிஜமாகவே கண்ணீர்.

அந்தக் கதையில் இரண்டு பேர் முக்கியம். இருவரும் ஹாலந்துக்காரர்கள். ஒருவர் 1900-ல் யூட்ரெக்ட் நகரில் பிறந்தவர். இன்னொருவர் 1904-ல் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்தவர். ஒருவர் விஞ்ஞானி. மற்றவர் வியாபாரி.

முதலில் வியாபாரி.

* * *

பென் பான் என்பது அவர் பெயர். 1947-ம் வருடம் ஜெர்மனியின் வுல்ஃப்ஸ்பர்க் நகரத்துக்கு வருகிறார். ஃபோக்ஸ்வேகன் கார் தொழிற்சாலை இருக்கும் ஊர். யுத்தத்தில் குண்டு வாங்கிய தொழிற்சாலை. அப்போது அது பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. இவான் ஹர்ஸ்ட் என்கிற மேஜர் அதைத் தூக்கி நிறுத்த முயன்றுகொண்டிருந்தார். பானுக்கு ஒரே நோக்கம்தான். இந்தக் கார்களை வாங்கி ஹாலந்தில் விற்கவேண்டும்.

தொழிற்சாலைக்குள் ஒரு விநோத வண்டி அவர் கண்ணில் பட்டது. கனமான பாகங்களை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோக ஆள்கள் தாங்களே தயாரித்துக்கொண்ட வண்டி. காரின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு தட்டையான பலகை. பின்கோடியில் டிரைவர். அவ்வளவுதான். பார்க்கச் சகிக்காது. ஆனால் சுமக்கும்.

பானுக்குப் பொறி தட்டியது. 1947 ஏப்ரல் 23-ம் தேதி தன் குறிப்பேட்டைத் திறந்து பேனாவால் ஒரு படம் கிறுக்கினார். ரொட்டியை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு பெட்டி. முன்கோடியில் டிரைவர். பின்கோடியில் எஞ்சின். நடுவில் முழுக்கச் சரக்கு. 750 கிலோ தாங்கவேண்டும். அந்தக் கிறுக்கல்தான் பிற்காலத்தில் உலகம் முழுக்க ஓடிய ஃபோக்ஸ்வேகன் வேனின் ஜாதகம்.

ஹர்ஸ்டுக்குப் பிறகு பொறுப்பேற்ற ஹைன்ஸ் நோர்டாஃப் அதற்கு உயிர் கொடுத்தார். 1949 நவம்பரில் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். 1950 மார்ச் 8-ம் தேதி உற்பத்தி ஆரம்பமானது. 25 குதிரைத்திறன் எஞ்சின். இன்றைய ஒரு நல்ல மோட்டார் சைக்கிளைவிடக் குறைவு. மலையேறும்போது பின்னால் வருகிறவர்கள் சபிப்பார்கள்.

எஞ்சினைப் பின்னால் வைத்தார்கள் அல்லவா? பெட்ரோல் டேங்கையும் அதற்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஆரம்ப வருட வண்டிகளில் பெட்ரோல் போட வேண்டுமென்றால் எஞ்சின் அறையின் கதவைத்தான் திறக்கவேண்டும். சூடான எஞ்சினும் பெட்ரோல் வாயும் ஒரே அறையில்! இந்த அண்டை வீட்டு உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதற்கு நடுவில், 1949 ஜனவரியில், பான் ஒரு ஃபோக்ஸ்வேகன் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். யாரும் சீந்தவில்லை. நேற்று வரை எதிரி தேசம். ஹிட்லர் ஆரம்பித்து வைத்த கார். யார் வாங்குவார்கள்? கொண்டுபோன காரை விற்றுத்தான் ஓட்டல் பில்லைக் கட்டினார் என்று சொல்வார்கள்.

ஆனால் பத்தே வருடத்தில் நிலைமை தலைகீழ். அமெரிக்கர்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியாக்காரர்கள், அந்தக் காரையும் வேனையும் கொண்டாட ஆரம்பித்தார்கள். மாணவர்கள், கடலலையில் பலகை ஏறி விளையாடுகிறவர்கள், அப்புறம் ஹிப்பிகள். வேனுக்கு அங்கே ஒரு குலதெய்வ அந்தஸ்தே கிடைத்துவிட்டது.

அதே கலிஃபோர்னியாவில்தான் நம் இரண்டாவது டச்சுக்காரர் இருந்தார்.

* * *

ஆரி ஹாகன்-ஸ்மிட். 1937-ல் கால்டெக் என்கிற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து சேர்ந்த வேதியியல் பேராசிரியர். இவருடைய ஆராய்ச்சி என்ன தெரியுமா? வாசனை. வெங்காயம் ஏன் வெங்காயமாக மணக்கிறது? பூண்டு ஏன் அப்படி நெடியடிக்கிறது? அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு எந்தெந்த ரசாயனம் காரணம்? பழத்தைச் சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சி, கடுங்குளிரில் உறைய வைத்து, கிடைக்கும் சில சொட்டுகளைப் பகுத்துப் பார்ப்பார். அமைதியான, யாருக்கும் கெடுதல் இல்லாத உத்தியோகம்.

அவர் வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ். அந்த ஊருக்கு ஒரு வியாதி வந்திருந்தது.

1943 ஜூலை 26. யுத்த காலம். ஊரின் மையத்தில் திடீரென்று ஒரு மஞ்சள் பழுப்புப் புகை. நாலு தெரு தள்ளி இருப்பது தெரியவில்லை. கண் எரிகிறது. தொண்டை கரகரக்கிறது. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்துபோனார்கள். பிறகு, ஊருக்குள் செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் தயாரித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலை மீது பழி விழுந்தது. மக்கள் கூச்சல் போட்டார்கள். தொழிற்சாலையை நிறுத்தினார்கள். புகை நின்றதா? ம்ஹும்.

லண்டனிலும் புகைமூட்டம் உண்டு. ஆனால் அது நிலக்கரிப் புகை. கறுப்பு. குளிர்காலத்து விருந்தாளி. லாஸ் ஏஞ்சலீஸில் அவ்வளவு நிலக்கரியே கிடையாது. இங்கே புகை வந்தது நல்ல வெயில் காலத்தில். அதுவும் பகலில், சூரியன் ஏற ஏறத்தான் மோசமாகும். பொழுது சாய்ந்தால் குறையும். வெயிலைப் பார்த்து வளரும் புகையை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

1947-ல், அதாவது பென் பான் படம் கிறுக்கிய அதே வருடம், லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டம் காற்று மாசைக் கட்டுப்படுத்தத் தனியாக ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. ஆலைப் புகைபோக்கிகளை மிரட்டினார்கள். வீட்டுக் கொல்லைகளில் குப்பை எரிக்கும் அடுப்புகள் மீது கண் வைத்தார்கள். (1957-ல் அவற்றுக்குத் தடையே வந்தது.) புகை மட்டும் போகவில்லை.

விவசாயிகள் ஒரு புகாரோடு வந்தார்கள். கீரை இலைகளெல்லாம் வெள்ளி பூசினாற்போல் வெளிறிக் கருகுகின்றன. தாவர வேதியியல் தெரிந்தவர் ஹாகன்-ஸ்மிட். அவரிடம் கேட்டார்கள். அவர் அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு, தன் ஆய்வகத்து ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றை அதே இயந்திரத்துக்குள் உறிஞ்சினார். கடைசியில் கிடைத்தது சில சொட்டுப் பழுப்புத் திரவம். நாற்றம் சகிக்கவில்லை. அதைப் பகுத்துப் பார்த்தபோது பெட்ரோலியத்தின் வாரிசுகள் வரிசையாக உள்ளே உட்கார்ந்திருந்தன.

அவர் சொன்ன விஷயம் இதுதான். வண்டிகளின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு இருக்கிறது. எரியாத பெட்ரோலும் பெட்ரோல் ஆவியும் காற்றில் கலக்கின்றன. இரண்டும் சேர்ந்தபின் வெயில் பட்டால் ஓசோன் உண்டாகிறது. வானத்தின் உயரத்தில் இருந்தால் நம்மைக் காப்பாற்றும் அதே ஓசோன், மூக்குக்குப் பக்கத்தில் வந்தால் விஷம். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று சட்டி மாதிரி இருக்கும் ஊர் லாஸ் ஏஞ்சலீஸ். அதன் மேல் வெப்பக்காற்று ஒரு மூடி போட்டுவிடும். உள்ளே லட்சக்கணக்கான கார்கள். மேலே வெயில். சமையல் நடக்காமல் என்ன செய்யும்?

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் சங்கத்தின் பணத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையம் அவர் முடிவை ஏற்க மறுத்தது. கால்டெக்கிலேயே நடந்த ஒரு கூட்டத்தில், அவர் இருக்கும்போதே அவருடைய வேலையைக் குறை சொன்னார்கள். சாது மிரண்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். மனிதர் அன்னாசி ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு முழுமூச்சாக இதில் இறங்கினார். 1952-ல் விரிவான கட்டுரை வெளியானது.

காற்றில் ஓசோன் இருப்பதை அவரும் சகாக்களும் அளந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பெரிய கருவியெல்லாம் இல்லை. ரப்பர் துண்டு.

அந்த ஊரில் ரப்பர் பொருள்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடிப்பது வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. டயரின் பக்கவாட்டில் பாளம் பாளமாகப் பிளவு விடும். காரணம் ஓசோன். ரப்பரை இழுத்தோ வளைத்தோ வைத்தால், அந்தப் பதற்றத்தில் இருக்கும் இடத்தை ஓசோன் கத்தி போல் அறுக்கும். எனவே ஒரு ரப்பர் துண்டை வளைத்துக் கட்டி, காற்றில் காட்டினார்கள். எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறதோ அவ்வளவு ஓசோன். எளிமையான சோதனை. மறுக்க முடியாத சாட்சி.

* * *

சரி, காரிலிருந்து பெட்ரோல் காற்றுக்கு எப்படியெல்லாம் போகிறது? கணக்குப் போட்டார்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அந்தக் காலத்து வண்டியில் பெரும்பங்கு புகைக்குழாய் வழியாக. இன்னொரு பங்கு எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கசியும் வாயுவாக. மீதி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வெறுமனே ஆவியாக. டேங்கிலிருந்தும் கார்பரேட்டரிலிருந்தும்.

இது ஆச்சரியமான கணக்கு. வண்டி ஓடவே வேண்டாம். வீட்டு வாசலில், கடற்கரையில், அலுவலகத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கும்போதே அது ஊரை நாறடித்துக்கொண்டிருக்கிறது. டேங்கின் அந்த இரண்டாவது ஓட்டை, தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டே, ஊருக்குத் துரோகமும் செய்துகொண்டிருந்தது.

ஒவ்வொன்றாக அடைத்தார்கள். 1961-ல் கலிஃபோர்னியாவில் அடிவயிற்று வாயுவை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் ஏற்பாடு வந்தது. 1966 மாடல்களுக்குப் புகைக்குழாய் விதிகள். 1967 ஆகஸ்ட் 30-ம் தேதி, அப்போது கவர்னராக இருந்த ரொனால்ட் ரீகனின் கையெழுத்தில் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் பிறந்தது. அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? வெங்காயம், பூண்டு, அன்னாசி புகழ் ஹாகன்-ஸ்மிட்தான்.

அதே 1967 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில், பென் பானின் வேனுக்கு இரண்டாவது அவதாரம் தொடங்கியது. முன்பக்கம் இரண்டு துண்டாக இருந்த கண்ணாடி போய், வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. இன்றைக்கும் நாம் படங்களில் பார்த்துப் பெருமூச்சு விடுவது பெரும்பாலும் இந்த வேனைத்தான். மறு வருடம் பான் காலமானார்.

1970 மாடல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவும், 1971 மாடல்களுக்கு அமெரிக்கா முழுவதும், புது விதி வந்தது. டேங்கிலிருந்து ஆவி வெளியே போகக் கூடாது. சோதனையில் 6 கிராமுக்குள் அடங்கவேண்டும்.

ஓட்டையை மூடவும் கூடாது, ஆவியை விடவும் கூடாது. என்ன செய்வது?

கரி. ஆமாம், அடுப்புக்கரியின் ஒன்றுவிட்ட தம்பி. விசேஷமாகப் பதப்படுத்திய கரியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும். ஒரே ஒரு கிராம் கரியின் துளைகளையெல்லாம் விரித்துப் போட்டால் ஆயிரம் சதுர மீட்டர்கூட வரும். கால் ஏக்கர்! ஒரு டப்பா நிறையக் கரி. டேங்கின் சுவாசக் குழாயைக் கொண்டுவந்து அதில் செருகிவிட்டார்கள். வண்டி நிற்கும்போது வரும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது? இந்த வேனின் எஞ்சினைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, விசிறிக் காற்று. அந்தக் காற்றில் கொஞ்சம் கரி டப்பா வழியாகத் திருப்பிவிடப்பட்டது. அது ஆவியை உதறி எடுத்துக்கொண்டு போய் எஞ்சினிடம் கொடுக்கும். எரிந்து போகும். வீணாக வெளியே போய்க்கொண்டிருந்தது, வயிற்றுக்கே திரும்பிவிட்டது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆவி மட்டும்தானே டப்பாவுக்குப் போகலாம்? பெட்ரோலே போய்விட்டால் கரி நனைந்து வீணாகிவிடும். அதனால் டேங்கின் மேல் மூலைகளிலிருந்து கிளம்பும் குழாய்களை வண்டியின் பக்கச் சுவருக்குள் உயரமாக ஏற்றி, அப்புறம் இறக்கிக் கொண்டுவந்தார்கள். வண்டி திருப்பத்தில் சாய்ந்தாலும் மேட்டில் நின்றாலும் பெட்ரோல் அவ்வளவு உயரம் ஏறாது. ஏறினாலும் தானாக வழிந்து டேங்குக்கே திரும்பும்.

1979-ல் வந்த மூன்றாவது தலைமுறை வேனில் டேங்க் முன்பக்கத்துக்கு, முன் இருக்கைகளுக்குக் கீழே இடம் மாறியது. முன்சக்கரங்களின் வளைவுக்குள் இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளை வைத்தார்கள். டேங்க் உப்பினால் வழியும் பெட்ரோலை அவை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு ஒரு வால்வு. வண்டி கவிழ்ந்தால் அது மூடிக்கொள்ளும்.

எல்லாம் சரி. இந்த ஏற்பாடு முழுவதையும் இணைத்துக் கட்டியது எது? ரப்பர்.

* * *

இப்போது அந்த வேன்களுக்கு நாற்பது, ஐம்பது வயது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவற்றைப் பிள்ளை போல் வளர்க்கிறார்கள். வெளியே பளபளவென்று பெயின்ட். உள்ளே புது மெத்தை. ஆனால் டேங்கின் மேல் இருக்கும் குழாய்கள்? பெரும்பாலும் தொழிற்சாலையில் மாட்டியவை. கண்ணுக்குத் தெரியாததை யார் மாற்றுவார்கள்?

வண்டி முதலில் ஜாடையாகத்தான் சொல்லும். டேங்கை நிரப்பிய அன்று மட்டும் உள்ளே பெட்ரோல் வாடை. பாதி டேங்க் ஆனதும் போய்விடும். அல்லது ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் திணறும். டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மறுபடி ஒழுங்காக ஓடும். முதலாவது, குழாய் வெடித்திருக்கிறது. இரண்டாவது, குழாய் அடைத்திருக்கிறது. டாக்டர் நாடி பிடிப்பது மாதிரிதான்.

அவசர மெக்கானிக்குகள் இரண்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, கசியும் குழாயைப் பிடுங்கிவிட்டு, ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுவது. வாடை நிற்கும். டேங்கின் மூச்சும் நிற்கும். இரண்டாவது, கரி டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயை அந்தரத்தில் விடுவது. வண்டி பிரமாதமாக ஓடும். ஆவி நேராக எஞ்சின் அறைக்குள் போகும்.

டேங்கும் எஞ்சினும் அண்டை வீட்டுக்காரர்கள் என்று சொன்னேனே, அது இங்கேதான் வினையாகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். சூடான எஞ்சின், ஒரு மின்பொறி. போதாதா? இந்த வேன்கள் நடுச்சாலையில் எரிந்துபோவது அந்த உலகத்தில் எல்லோரும் பயப்படும் சமாசாரம். காரணங்களில் முதலிடம் இற்றுப்போன பெட்ரோல் குழாய்களுக்கு. பல வேன்களில் சமையல் அடுப்பும், சின்னச் சுடரை எரியவிட்டு வேலை செய்யும் கேஸ் ஃப்ரிட்ஜும் வேறு இருக்கும்.

ஒழுங்காகச் செய்யவேண்டுமென்றால் பொறுமை வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். கேஸை மூடவேண்டும். வெட்டவெளியில் வைத்து டேங்கைக் காலி செய்யவேண்டும். 1970-களின் வேனாக இருந்தால் அடுத்த வேலை, எஞ்சினை இறக்குவது. ஆமாம், நாலு முழம் ரப்பர் குழாய்க்காக எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம், டேங்கின் உச்சந்தலையில்தான் குழாய்கள் இருக்கின்றன. அதனால்தான் அனுபவசாலிகள் வேறு எதற்காக எஞ்சின் இறங்கினாலும் கையோடு இந்தக் குழாய்களை மாற்றிவிடுவார்கள்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சீட்டு ஒட்டுவது புத்திசாலித்தனம். எது எங்கே போகிறது என்பது மறுநாள் ஞாபகம் இருக்காது. பழைய ஜெர்மன் குழாய்களுக்கு மேலே நூல் பின்னல் போட்டிருக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தாலும் பின்னல் மறைத்துவிடும். வளைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிறகு டேங்கில் இருக்கும் மூக்குகளில் துரு அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யவேண்டும். பெட்ரோல் ஊற்றும் வாயை டேங்கோடு சேர்க்கும் ரப்பர் உறையையும் மாற்றவேண்டும். 1979-க்குப் பிறகு வந்த வேனில் எஞ்சினை இறக்கும் வேலை இல்லை. ஆனால் பிளாஸ்டிக் குழாய்கள் டேங்குக்குள்ளும் குப்பிக்குள்ளும் நுழையும் இடங்களில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவை கல்லாக இறுகியிருக்கும். அத்தனையையும் மாற்றவேண்டும். ஒன்றை விட்டால், அடுத்த முறை டேங்க் நிரம்பும்போது அதன் வழியாக ஒழுகும்.

புதுக் குழாய் வாங்கும்போதும் கவனம் தேவை. பெட்ரோலே மாறிவிட்டது. ஜெர்மனியில் 2011-லும் பிரிட்டனில் 2021 செப்டம்பரிலும் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. எத்தனால் பழைய வகை ரப்பரைச் சீக்கிரமே தின்றுவிடும். உட்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் கொடுத்த குழாய் அதைத் தாங்கும். விலை ஜாஸ்திதான். பரவாயில்லை. மாட்டும்போது எங்கேயும் மடங்கக் கூடாது. நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கவும் கூடாது. தொங்கும் இடத்தில் பெட்ரோல் தேங்கினால் மறுபடி மூச்சு முட்டும். டேங்கை நோக்கி ஒரே சரிவாக இருக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் டேங்கை நிரப்பி, வெயிலில் நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் போய் மோப்பம் பிடிக்கவேண்டும். வாடை இல்லையா? வேலை சுத்தம். மூக்குதான் கடைசிப் பரீட்சை. ஹாகன்-ஸ்மிட் இருந்தால் ரசித்திருப்பார்.

* * *

அவர் 1977-ல் காலமானார். அதற்குள் அமெரிக்காவில் புது வண்டி ஒவ்வொன்றிலும் கரி டப்பா இருந்தது. ஐரோப்பியச் சந்தைக்குப் போன வேன்களுக்கு அந்தக் கவலை நெடுநாள் இல்லை. குழாய் வெளிக்காற்றில் முடியும். அவ்வளவுதான். 1992 வாக்கில்தான் அங்கே ஆவிக்கு விதி வந்தது. நம் ஊரிலும் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 கட்டாயமானபோது பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் கரி டப்பா வந்துவிட்டது. நீங்கள் அதற்கப்புறம் வாங்கிய வண்டியில் குனிந்து பார்த்தால் எங்காவது ஒரு மூலையில் கறுப்பாகக் குட்டி டப்பா ஒன்று தென்படும். தேவையில்லாத சாமான் என்று யாராவது கழற்றச் சொன்னால் கழற்றிவிடாதீர்கள்.

பென் பான் வரைந்த வேனின் இரண்டாவது அவதாரம் பிரேசிலில் 2013 வரை தயாரானது. லாஸ் ஏஞ்சலீஸ் வானம் இன்னும் முழுக்கத் தெளியவில்லை. ஆனால் அந்தப் பழைய மஞ்சள் பழுப்புப் பகல்கள் போய்விட்டன. இடையில் அந்த ஊரில் கார்கள் பல மடங்கு பெருகிய பிறகும்.

அந்த இற்றுப்போன குழாயை மறுபடி கையில் எடுத்துப் பாருங்கள். வளைந்த இடங்களில்தான் அதிக வெடிப்பு இருக்கும். பெட்ரோலும் சூடும் வயசும் ஒரு பக்கம் அரித்திருக்கும். இன்னொரு பக்கம் வெளியிலிருந்து ஓசோன் அறுத்திருக்கும். ஹாகன்-ஸ்மிட் வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு வெடித்த அதே விதம். பெட்ரோல் ஆவி கசிகிறது. அது வெயிலில் ஓசோனுக்குத் தீனியாகிறது. அந்த ஓசோன் திரும்பி வந்து, ஆவி கசியாமல் காக்க வைத்த ரப்பரையே வெடிக்கச் செய்கிறது. வெடித்ததும் இன்னும் கொஞ்சம் ஆவி.

இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டவேண்டும். ஒரு பேராசிரியர் ஆய்வகத்தில் வெட்டினார். ஓர் அரசாங்கம் சட்டத்தில் வெட்டியது. மிச்சம் இருப்பது, எஞ்சினை இறக்கிவைத்துவிட்டு, நாலு முழம் குழாயும் சில கிளாம்ப்புகளுமாக வேனுக்கு அடியில் படுத்திருக்கும் மனிதரின் பங்கு. அவர் அடைக்காமலும் அறுத்துவிடாமலும் ஒழுங்காக மாட்டினால், வண்டியும் மூச்சு விடும். ஊரும் விடும்.